கல்லூரிக்கு முன் பழக வேண்டியது: யாரும் சொல்லாமல் படிப்பது

கேட்கப்பட்ட கேள்வி இது: பள்ளிப் படிப்பு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. மார்க் நன்றாகத்தான் வருகிறது. கல்லூரிக்குத் தயாராக இப்போதிருந்தே என்ன செய்யலாம்? சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் நுழைவுத் தேர்வைப் பற்றியே பேசுகிறார்கள். அதைத் தாண்டி ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. நான் பல ஆண்டுகளாக முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். அந்த வகுப்பறையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நுழைவுத் தேர்வுக்கு வழிகாட்ட ஆட்கள் ஏராளம். ஆனால் உள்ளே வந்த பிறகு முதல் மூன்று மாதங்கள் எப்படி இருக்கும் என்று பள்ளி மாணவரிடம் யாரும் பேசுவதில்லை. நல்ல மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

ஒவ்வொரு ஆண்டும் முதல் தேர்வு முடிந்த வாரத்தில் யாராவது ஒருவர் என் அறைக்கு வருவார். பள்ளியில் எப்போதும் முதல் சில இடங்களில் இருந்தவராக இருப்பார். கையில் நோட்டு இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டிருக்கும். "எல்லாத்தையும் நாலு தடவை படிச்சேன் சார், பேப்பரைப் பார்த்ததும் ஒண்ணுமே வரல" என்பார். அவர் சொல்வது உண்மை. நாலு தடவை படித்திருப்பார். பள்ளியில் அது போதுமாக இருந்தது, ஏனென்றால் மற்றதையெல்லாம் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். எதை எப்போது படிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். வாரத் தேர்வு வைத்து மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். பின்தங்கினால் வீட்டுக்குத் தகவல் போனது. கல்லூரியில் இந்தத் தாங்கல் எல்லாம் ஒரே நாளில் விலகிவிடுகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், நீங்களாகவே ஒன்றைக் கற்று முடிக்கும் பழக்கத்தை இந்த இரண்டு ஆண்டுகளில் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் கணக்கில் பார்த்தால் புரியும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் உழைக்கும் 25 முதல் 30 மணி நேரம். ஆக, ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பகுதி மட்டும்தான். அமெரிக்காவில் கிரெடிட்டுக்குக் கொடுக்கும் விளக்கம் இன்னும் வெளிப்படையானது: வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பு என்றால், அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலை. அதாவது வாரம் 15 மணி நேரம் வகுப்பு இருந்தால், கால அட்டவணையில் எங்கேயும் எழுதப்படாத 30 மணி நேரம் உங்கள் கையில் விடப்படுகிறது. முதல் செமஸ்டரில் அந்த 30 மணி நேரம் ஓய்வு நேரம் போலவே தெரியும்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். உங்களுக்கு ஓரளவு பிடித்த பாடமாக இருக்கட்டும். ஆசிரியர் அடுத்து நடத்தப்போகும் அத்தியாயத்தை, அவர் நடத்துவதற்கு முன்னால் நீங்களே படித்துப் பாருங்கள். விளக்க வீடியோ வேண்டாம், பாடப் புத்தகமும் பென்சிலும் போதும். எடுத்துக்காட்டுக் கணக்கு வந்தால் விடையை ஒரு தாளால் மூடிவிட்டு, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். பிறகு தாளை ஒரு வரி இறக்கி ஒப்பிடுங்கள். முதல் தடவை மெதுவாகத்தான் போகும். இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் கவலை வேண்டாம், பாடப் புத்தகத்தைப் படிக்கும் வேகமே அதுதான். புரியாத இடத்தில் "புரியவில்லை" என்று மட்டும் குறித்துவிட்டுப் போகாதீர்கள். எது வரைக்கும் புரிந்தது, எந்த வரியில் வழி தவறியது என்று ஒரு கேள்வியாக எழுதுங்கள். இப்படி மூன்று கேள்விகளோடு வகுப்புக்குப் போனால், அதே ஆசிரியர் நடத்தும் அதே பாடம் வேறு மாதிரி காதில் விழும். நீங்கள் தேடி வந்த பதில்கள் அதில் இருக்கும்.

மாதத்துக்கு ஓர் அத்தியாயம் இப்படி முடித்தால் போதும். இரண்டு ஆண்டுகளில் இருபது அத்தியாயங்களையாவது சொந்தமாகப் படித்தவராக ஆகிவிடுவீர்கள். என்னிடம் வரும் மாணவர்களில் பலர் ஒரே ஓர் அத்தியாயத்தைக்கூட அப்படிப் படிக்காமல் வருகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

அடுத்தது, படிக்கும் முறை. இதைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் முடிவுகள் வகுப்பறைக்கு வந்து சேரவே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்றும், ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நாட்களைப் பிரித்துப் படித்தால் நன்றாக நிற்கிறது என்றும் கண்டார். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாரும் ஓர் உரைப்பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே இன்னொரு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் உரையை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்.

என் அறைக்கு வருகிற அந்த மாணவருக்கு நடந்ததும் இதுவேதான். நாலாவது தடவை படிக்கும்போது எல்லாம் பழகிய முகம் போலத் தெரிகிறது. அந்தப் பரிச்சயத்தை 'எனக்குத் தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 2013இல் ஜான் டன்லோஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு எழுதினார்கள். கோடு போடுவதும் மறுபடி படிப்பதும் பயன் குறைந்த முறைகளின் வரிசையில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாட்களாகப் பிரித்துக்கொள்வதும் மட்டுமே அதிகப் பயன் என்ற இடத்தைப் பெற்றன.

ஆகவே இன்றிலிருந்தே இப்படிச் செய்யுங்கள்: ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை இதையே செய்யுங்கள். சங்கடமாக இருக்கும். ஒன்றுமே தெரியாதவர் போலத் தோன்றும். அந்தச் சங்கடத்தின்போதுதான் பாடம் உள்ளே இறங்குகிறது.

கணிதத்துக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே வகைக் கணக்குகள் இருக்கும். முதல் கணக்கு வந்துவிட்டால் மீதி தானாகப் போகும். 2007இல் ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகவும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்கள் 63 சதவீதம், வகை வகையாகச் செய்தவர்கள் 20 சதவீதம். காரணம் எளிது. தேர்வில் எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கலந்து செய்தால்தான் அந்த முடிவெடுக்கும் பழக்கம் வரும். ஐந்து அத்தியாயங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்குகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கிப்போட்டுச் செய்யுங்கள்.

கணிதம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நுண்கணிதத்தில் (கால்குலஸ்) தோற்கிற மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தும்போது பெரும்பாலும் நான் காண்பது இயற்கணிதத் தவறுகள். வகையீடு என்றால் என்ன என்று புரிந்திருக்கும், சரியாகத் தொடங்கியும் இருப்பார். மூன்றாவது வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது ஒரு குறி மாறும், அடுக்குகளைக் கூட்ட வேண்டிய இடத்தில் பெருக்கியிருப்பார், அத்தோடு கணக்கு போய்விடும். பின்னம், அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் முற்றொருமைகள், வரைபடத்தைப் பார்த்ததும் சார்பின் போக்கைச் சொல்வது ஆகியவை யோசிக்காமலே கை செய்ய வேண்டியவை. தினமும் 15 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கலை, சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களும் கணிதம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உளவியல் பட்டப்படிப்பில் புள்ளியியல் இருக்கிறது. பொருளாதாரத்தில் வகையீடு தேவைப்படுகிறது. இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்தே படிப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. படிப்பின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல்கலைக்கழகங்கள் தங்கள் பாடத்திட்டத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன. நீங்கள் விரும்பும் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய வினாத்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. கணினி அறிவியல் என்றால் புரோகிராம் எழுதுவது மட்டும் என்று நினைத்து வருகிறவர்கள், தனிநிலைக் கணிதத்தில் (டிஸ்க்ரீட் மேத்தமேடிக்ஸ்) நிறுவல், அதாவது ஒரு கூற்று ஏன் உண்மை என்று படிப்படியாகக் காட்டுவது, எழுதச் சொன்னதும் திகைக்கிறார்கள். உயிரியலை விரும்பி வருகிறவர் முதல் ஆண்டில் வேதியியலோடு நாட்களைக் கழிக்க வேண்டியிருக்கும். பாடத்தின் சுவை எப்படி என்று பார்க்கவும் இன்று வழி இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) தன் பாடப் பொருட்களை இலவசமாக இணையத்தில் தரப்போவதாக 2001இல் அறிவித்தது, அந்த ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் முழு விரிவுரைகளும் வீட்டுப்பாடங்களும் கிடைக்கின்றன. நீங்கள் சேர நினைக்கும் துறையில் ஒரு முதலாமாண்டுப் பாடத்தின் முதல் மூன்று விரிவுரைகளைக் கேட்டு, அதன் முதல் வீட்டுப்பாடத்தை முயன்று பாருங்கள். விடை வராவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் அதைப் பற்றி நினைக்கத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

அதே விரிவுரையைக் குறிப்பெடுக்கவும் பயன்படுத்தலாம். பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை அப்படியே எழுதிக்கொள்வோம். விரிவுரையில் பலகையில் வராததுதான் அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் உருவாக்கிய முறை இன்றும் எனக்குத் தெரிந்து எளிமையானது. தாளின் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு குறுகிய பகுதியைக் காலியாக விடுங்கள். வலப்பக்கம் விரிவுரையைக் குறிப்பாக எழுதுங்கள். அன்று மாலையே இடப்பக்கத்தில், வலப்பக்கக் குறிப்பே விடையாகும்படி கேள்விகளை எழுதுங்கள். அடியில் இரண்டு மூன்று வரியில் சாரம். பிறகு வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கேள்விக்கு விடை சொன்னால், முன்பு சொன்ன சுயசோதனை அங்கேயே நடந்துவிடும். பழகும்போது வீடியோவை எங்கும் நிறுத்தாதீர்கள், வகுப்பில் நிறுத்த முடியாது.

எழுத்தைப் பற்றி. எந்தத் துறைக்குப் போனாலும் எழுதத்தான் வேண்டும்: ஆய்வக அறிக்கை, கட்டுரை, திட்ட அறிக்கை. பள்ளிக் கட்டுரை பெரும்பாலும் தெரிந்ததைச் சொல்லச் சொல்கிறது. கல்லூரிக் கட்டுரை ஒரு நிலைப்பாட்டை எடுத்து, ஆதாரம் காட்டி, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லச் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீங்கள் உண்மையிலேயே நம்பும் ஒரு கருத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதை ஏற்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொல்லி வாங்கினால் பக்கம் நிறையும், ஆனால் சிந்தித்தது நீங்கள் இல்லை. முதல் வரைவை எப்போதும் நீங்களே எழுதுங்கள். பிறரின் கருத்தை எடுத்தால் யாருடையது என்று அங்கேயே குறிப்பிடும் பழக்கமும் இப்போதே வரட்டும். கல்லூரியில் இந்தத் தவறுக்குப் பாடத்தில் தோல்வி முதல் வெளியேற்றம் வரை தண்டனை உண்டு. தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

நேரத்தைக் கணிப்பதில் எல்லாரும் தவறுகிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. ஆகவே இரண்டு வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டுப்பாடத்தையும் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள், முடித்ததும் எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். உங்கள் கணிப்பு எத்தனை மடங்கு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். இனி திட்டமிடும்போது அந்த மடங்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பழக்கம் ஒன்று இருக்கிறது: உதவி கேட்பது. நன்றாகப் படிக்கும் மாணவருக்குத்தான் இது அதிகக் கஷ்டம். இதுவரை கேட்க வேண்டிய தேவையே வந்திருக்காது, கேட்டால் மதிப்புக் குறையும் என்று அச்சம். கல்லூரியில் ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்கி அறையில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் வரிசை நிற்கும். இப்போதே பள்ளியில் வாரம் ஒரு முறை, வகுப்பு முடிந்ததும் ஓர் ஆசிரியரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். "இது புரியலை" என்று மொத்தமாகச் சொல்லாமல், "இந்த வரி வரைக்கும் வந்தேன், இங்கே ஏன் இப்படி மாறுகிறது என்று தெரியவில்லை" என்று கேளுங்கள். ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதவும் பழகுங்கள்: நீங்கள் யார், எந்த வகுப்பு, என்ன கேள்வி, அதற்கு இதுவரை என்ன முயன்றீர்கள். நாலு வரி போதும். இப்படிப் பழகிய ஆசிரியர்தான் நாளை உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது உங்களைப் பற்றிச் சொல்ல ஏதாவது வைத்திருப்பார். அந்தக் கடிதத்தைக் கேட்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள்.

படிப்புக்கு வெளியே என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்பார்கள். பத்துச் சங்கங்களில் பெயர் கொடுப்பதைவிட, ஒன்றில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருந்து ஒரு பொறுப்பை ஏற்று முடிப்பது மேல். வேறு விளக்கம் தேவையில்லை.

பணம் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். பேசத் தயங்கித் தள்ளிப்போடும் குடும்பங்கள் பல. கல்விக் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக் கணக்கும், படிப்பு முடியும்வரையான கணக்கும் போடுங்கள். உதவித்தொகைகளுக்கான கடைசித் தேதி பல நேரங்களில் சேர்க்கைக்கு மாதங்கள் முன்பே முடிந்துவிடும், ஆகவே தேடலை ஓராண்டு முன்பே தொடங்குங்கள். உதவித்தொகையைத் தொடர்ந்து பெற எவ்வளவு மார்க் தேவை என்ற விதியையும் படியுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், மாதத் தவணை எப்போது தொடங்கும், எவ்வளவு வரும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்: 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இரவு விழித்துப் படிப்பதைப் பெருமையாக நினைக்கும் பழக்கத்தோடு கல்லூரிக்கு வராதீர்கள். விடுதியில் அது இரண்டு மடங்காகும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுங்கள். காலையில் எழுப்புவதை முதலில் நிறுத்துங்கள். பிறகு படிவங்களை அவர்களே நிரப்பட்டும், மருத்துவரிடம் அவர்களே பேசட்டும், துணியை அவர்களே துவைக்கட்டும், மாதச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்து மாதக் கடைசி வரை ஓட்டச் சொல்லுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துபோகும் மாதம் ஒன்று வரும். அது உங்கள் வீட்டில் இருக்கும்போதே வரட்டும்.

கடைசியாக, பள்ளித் தேர்வு முடிந்து கல்லூரி தொடங்கும் வரையிலான அந்த இடைவெளி. நன்றாக ஓய்வெடுங்கள், அதற்குத் தகுதியான உழைப்பை உழைத்திருப்பீர்கள். ஆனால் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வருகிறவர்களுக்கு முதல் வாரமே இயற்கணிதம் கைவிட்டுப் போயிருக்கும். அந்த 15 நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். அப்புறம், முதல் வாரத்தில் பாடம் எல்லாம் பள்ளியில் படித்தது போலவே இருக்கிறதே என்று தோன்றும். மூன்றாம் வாரத்தில் வேகம் மாறும். அதற்குள், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓர் ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு வந்துவிடுங்கள்.